வெட்டி ஒட்டிய காற்று

காஜா பெராங், மலாக்கா
ஜூன் 1961

அன்பு மகன் ஜெயபாலனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கை விஜயாவும் சுகம். நீயும் சுகம் என்று எழுதியிருக்கிறாய். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நீ அனுப்பிய ஒலிநாடா வந்து சேர்ந்தது. ஜாலான் பெண்டஹாராவில் ரேடியோ ரிப்பேர் செய்யும் நல்லையா, ஞாயிறு காலை தன் டேப் ரிக்கார்டரை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு வந்து கூடத்தில் வைத்துப் போட்டான். முதலில் உன் வயலின். அதற்கடியில் ஆஸ்திரேலியப் பாலைவனத்துக் காற்று. மணல் வழிகிற சத்தம். எங்கோ ஒரு பறவை. பிறகு வயலின் நின்றுவிட்டது, காற்று மட்டும். விஜயா, அண்ணன் இதுக்கா அடிலெய்டுக்குப் போயி படிக்குது, மழை வந்தா நம்ம தகரக் கூரையே இதைவிட நல்லா வாசிக்குமே என்றாள். பக்கத்து வீட்டு மலாக்காச் செட்டி அம்மா, தமிழ் வராதே அவருக்கு, கொடியில் கிடந்த துணிகளை அவசரமாக அள்ளிக்கொண்டு, புயலா வருகிறது என்று வேலிக்கு மேலாக மலாயில் கேட்டார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் எனக்குப் பிடித்திருந்தது தம்பி. அதைச் சொல்லிவிட வேண்டும். ஆளில்லாத இடத்தில் யாரோ உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது.

நாடாவைத் திரும்பச் சுற்றியபோது நல்லையா அதை விரலால் தடவிப் பார்த்தான். என்னாக்கா இது, காத்து வர்ற இடத்துல பூரா பிளேடால வெட்டி வெட்டி ஒட்டியிருக்கான், வயலின்ல தப்பு வந்தா வெட்டலாம், காத்துமா தப்பா வாசிக்கும் என்றான். விஜயா சிரித்தாள். நான் மறுபடி போடச் சொன்னேன். இந்த முறை காற்றைக் கேட்கவில்லை, ஒட்டுகளைக் கேட்டேன். ஒவ்வொரு ஒட்டுக்கும் முன்னால் ஒரு மூச்சு. மைக்குக்குப் பக்கத்தில் யாரோ வெடுக்கென்று உள்ளே இழுக்கிறார்கள். உடனே வெட்டு. மறுபடி காற்று.

இருமலை வெட்டிவிட்டாய். அதற்கு முந்தின மூச்சை விட்டுவிட்டாய்.

அந்த மூச்சு எனக்குத் தெரியும். உன் அப்பாவுக்கும் முதலில் அது வரும். பிறகுதான் இருமல். எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு இருமுவார். வெளியே வந்து, தண்ணி ரொம்பக் குளிருது ருக்கு என்பார். அது ஜப்பான்காரன் காலம், மருந்து கிடையாது. நீ சின்னப் பிள்ளை, உனக்கு நினைவிருக்காது. இருந்தும் அவரைப் போலவே மறைக்கிறாய், எங்கே கற்றாய் என்று தெரியவில்லை.

ஏன் மறைக்கிறாய் என்பதும் தெரிகிறது. நெஞ்சில் கோளாறு என்றால் உபகாரச் சம்பளத்தை நிறுத்தி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். போன வருஷம் ஒரு பையனை அப்படி அனுப்பியதை நீயே எழுதியிருந்தாய். ஆகஸ்டில், அங்கத்துக் குளிர்காலத்தில், மறுபடி பாலைவனம் என்றும் எழுதியிருக்கிறாய். தனியாக. கூடாரத்தில். இரவில் தண்ணீர் உறைகிற குளிரில். நான் பயந்தவள்தான், ஆனால் இது பயமில்லை. அந்த மூச்சைக் காதால் கேட்டேன்.

முதலில் உன்னிடம் கெஞ்சலாம் என்றுதான் நினைத்தேன். சரிம்மா பார்க்கிறேன் என்று எழுதுவாய், போய்விடுவாய். அதனால் உன் பேராசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினேன். விஜயா இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தாள், எழுதிக்கொண்டே அழுதாள், அண்ணனோட படிப்பை நம்மளே கெடுக்கிறோமேம்மா என்றாள். அவருக்கு எழுதிய கடிதத்தையும் இதையும் ஒன்றாகவே தபாலில் சேர்க்கப் போகிறேன். உனக்குத் தெரியாமல் செய்தேன் என்று இருக்கக் கூடாது.

கோபம் வரும். வரட்டும். ஆனால் அவர் கூப்பிட்டால் உடனே போய் எக்ஸ்ரே எடுத்துக்கொள். ஒன்றுமில்லை என்று வந்தால் என்னைத் திட்டி எழுது, கூடத்தில் வைத்து எல்லோருக்கும் வாசித்துக் காட்டுகிறேன். இருக்கிறது என்று வந்தால் இப்போது ஊசி இருக்கிறது, குணமாகிவிடும். திருப்பி அனுப்பினால் வா. சிங்கப்பூர் துறைமுகத்துக்கு நானே வருவேன்.

விஜயாவுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. வேறு செய்தி இல்லை. கம்பளி பனியனை உள்ளே போட்டுக்கொள். பாலைச் சூடாக்கிக் குடி. மாரியம்மன் உன் பக்கத்திலேயே இருக்கட்டும். என்னோடு பேசாமல் இருந்தாலும் இரு, தம்பி. தீர்க்காயுசாக இரு.

உன் அம்மா
மா. ருக்மணி