தலை வெட்டிய நத்தைகள்

1768 ஏப்ரல் 30, பொலோஞா

காலையில் தோட்டத்து நத்தைகள் நாற்பதின் தலையை வெட்டினேன். வெட்டிய தலை திரும்ப முளைக்கும் என்று ஒரு பாதிரியார் அச்சிட்டிருக்கிறார். நகரமே நம்புகிறது. நான் நம்பவில்லை.

மே 9

ஜூலையில் அறிவியல் கழகத்தில் நான் கட்டுரை வாசிக்க வேண்டும். அங்கே பெண் நான் ஒருத்திதான். தலைப்பை அனுப்பிவிட்டேன்: ‘நத்தைக்குத் தலை முளைக்காது.’

கணவர் பெத்ரோனியோ சிரித்தார். “தீர்ப்பை எழுதிட்டு அப்புறமா விசாரிக்கிறியா, லவீனியா?”

வக்கீல் புத்தி. தவறினால் இனி என்னை மேடை ஏற்ற மாட்டார்கள் — எனக்குத் தெரியாதா?

மே 31

ஒன்பது அழுகிவிட்டன. மற்றவை ஓட்டுக்குள் போனதோடு சரி. ஓட்டின் வாயில் காய்ந்த சவ்வு. குத்தினாலும் அசைவில்லை.

ஜூன் 8

எல்லாம் செத்தன. குப்பையில் கொட்டச் சொன்னேன். கட்டுரை முடிந்தது.

ஜூன் 23

சமையலறையில் ஒரு சட்டி நத்தை. எங்கிருந்து என்று கேட்டேன். சமையல்காரி ஓர்சோலா வெங்காயம் அரிந்தபடியே சொன்னாள்: “நீங்க கொட்டச் சொன்னதுதாம்மா. நாளைக்கு யோவான் திருநாளாச்சே, வதக்கலாம்னு தவிட்டுல போட்டு வெச்சேன்.”

“செத்ததையா?”

“எது செத்துச்சு? வெயிலுக்குக் கதவைச் சாத்திக்கிட்டுத் தூங்குதுங்க. தண்ணி தெளிச்சா எந்திரிச்சிரும்.”

“தலையே இல்லையேடி!”

“தலையை யாரும்மா திங்கப் போறா?”

தெளித்தாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு சவ்வு கிழிந்தது. ஐயோ — கொம்பு! ஒன்று நீளம், ஒன்று கடுகளவு. வெளிறிய, புத்தம்புதுத் தலை. கத்திவிட்டேன் போலிருக்கிறது, பெத்ரோனியோ செருப்பில்லாமல் ஓடிவந்தார்.

பதினேழு! பதினேழுக்குத் தலை!

ஜூன் 24

திருநாளுக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான். ஓர்சோலா முணுமுணுத்தாள்.

ஜூன் 30

கட்டுரையைக் கிழித்தேன். தோற்றவளுக்கு ஏன் இத்தனை சந்தோஷம்?

ஜூலை 5

“தலைப்பு தவறு. தவறு என்னுடையது” என்று தொடங்கினேன். சமையல்காரி சொன்னதையும் பதினேழு தலைகளையும் சொல்லி முடித்தேன்.

பிறகு முன்வரிசையில் உடற்கூறுப் பேராசிரியர் தல்பாஸோ எழுந்தார். “நானும் அறுபது நத்தையைக் கால்வாயில கொட்டினேன், அம்மணி. செத்துப்போச்சுன்னு நெனச்சுதான்.”

“நான் எண்பது” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மண்டபமே சிரித்தது, நானும். நவம்பர் கூட்டத்திலும் நானே வாசிக்க வேண்டுமாம்.

எழுத்தர் ஏட்டை விரித்தார். “தூங்குதுன்னு சொன்னவங்க பேரு?”

“ஓர்சோலா.”

“குடும்பப் பேரு?”

பத்தொன்பது வருடமாக என் வீட்டில் இருக்கிறாள். எனக்குத் தெரியவில்லை. ஏட்டை மூடவேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து கேட்டேன்.

“மஸெத்தி. எதுக்கும்மா?”

காகிதத்தில் எழுதிக்கொண்டு மறுபடி கழகத்துக்கு நடந்தேன்.