எந்தப் பள்ளிக்கும் இல்லாத சீருடை

அக்கா,

இன்று காலை மகள் பீரோவின் அடித்தட்டிலிருந்து அந்தச் சீருடையை எடுத்துவந்து என் மடியில் போட்டாள். மெரூன் பாவாடை, சாம்பல் கட்டம் போட்ட சட்டை. “சின்னதாயிருச்சும்மா. பிரிச்சுப் பெருசு பண்ணிக் குடு. நாளைக்குச் சேலம் போறப்ப போட்டுக்கோணும்” என்றாள். பல் டாக்டரிடம் போகிறோம். சட்டையை உதறியதும் உங்கள் மிஷின் எண்ணெயும் சாக்பீஸ் தூளும் கலந்த வாசனை வந்தது. எத்தனையோ முறை துவைத்தாயிற்று, வாசனை மிஞ்சியிருக்க வழியில்லை. ஆனாலும் எனக்கு வந்தது. நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது.

ஆட்டையாம்பட்டியில் உங்கள் தையல் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரிப்பேர் செய்கிறார்கள். முன்பெல்லாம் ஜூன் மாதம் வந்தால் பள்ளிப் பிள்ளைகள் அளவு கொடுக்க அந்த வாசலில் நெருக்கியடித்து நிற்பார்கள். மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று ஊரே என்னைத் திட்டியது. திட்டாத ஒரே ஆள், ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்த நீங்கள்தான். “எல்லாரும் உன்னையாட்டப் பண்ணுனா எம் பொழப்பு என்னாவறது புள்ள” என்பீர்கள். அவ்வளவுதான் உங்கள் கண்டனம்.

முதல் வகுப்பில் மூன்று மாதம் அவள் வாயே திறக்கவில்லை. வீட்டில் ஓயாமல் பேசுகிற பிள்ளை, பள்ளி வாசலில் என் புடவையைப் பிடித்தபடி உறைந்து நிற்பாள். அதனால்தான் நிறுத்தினேன். போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே போயிருந்த அவள் அப்பா, “உனக்குச் சரின்னு பட்டாச் செய்யி” என்று போனில் சொன்னதோடு சரி. ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான்தான். சொந்தக்காரர்கள் பேசியதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். டவுன் பஸ்ஸைத்தான் தாங்க முடியவில்லை.

பட்டன், நூல், லைனிங் துணி வாங்க நீங்கள் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குக் கிளம்பும் நாட்களில் நாங்களும் கூடவே வருவோம். கடைப் பலகைகளைப் படிப்பதும், பட்டன்களைப் பத்துப் பத்தாக எண்ணி வைப்பதும்தான் அவளுக்கு அன்றைய பாடம். பதினோரு மணி பஸ்ஸில் ஏழு வயதுப் பிள்ளை உட்கார்ந்திருந்தால் சும்மா விடுவார்களா? “ஏஞ்சாமி, இன்னிக்கு லீவா?” என்று ஆரம்பிப்பார்கள். வீட்டிலேயே படிக்கிறாள் என்பேன். உடனே குரல் தணியும். “பாப்பாவுக்கு ஏதாச்சுங் குறைங்களா?” அவளுக்குக் காதே இல்லாததுபோலக் கேட்பார்கள். ஒரு பெரியவர், நல்ல மனிதர்தான், “பொம்பளப் புள்ளைன்னு நிறுத்தீட்டீங்களாம்மா? கவர்மெண்டுப் பள்ளிக்கொடத்துல எல்லாமே இலவசந்தானுங்களே” என்று கண் கலங்கச் சொன்னார். திட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். இரக்கப்படுகிறவரை என்ன செய்வது? அன்று பஸ்ஸை விட்டு இறங்கியதும் மகள் கேட்டாள்: “எனக்கு என்னம்மா குறை?”

நீங்கள் பக்கத்திலேயே நின்று அதைக் கேட்டீர்கள். மறுவாரம், ஒரு பள்ளிக்குத் தைத்ததில் மிஞ்சிய பாவாடைத் துணியையும் இன்னொரு பள்ளிக்குத் தைத்ததில் மிஞ்சிய சட்டைத் துணியையும் வைத்து இதைத் தைத்துக் கொண்டுவந்தீர்கள். “இதப் போட்டுட்டுப் பஸ்ஸுல ஏறுனா ஒரு நாயும் கேக்காது. வளர்ற புள்ள, உள்மடிப்புல ரெண்டு இஞ்ச் உட்டிருக்கறேன். மூணு வருசத்துக்குத் தாங்கும்.”

அதன்பிறகு ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று யாரும் கேட்கவில்லை என்பது உண்மைதான். “எந்த ஸ்கூலு சாமி? எத்தனாவது?” என்று கேட்டார்கள். முதல் தடவை அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் வாயில் வந்த ஒரு பெயரைச் சொன்னேன். இரண்டாம் தடவை அவளே சொன்னாள். பிறகு அந்தப் பள்ளியில் ஒரு மிஸ் வந்தார், பக்கத்தில் உட்காரும் ஒரு தோழி வந்தாள், அரை நாள் லீவு வந்தது. பின்சீட்டில் நீங்களும் நானும் முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு சிரித்தோம். நிஜப் பள்ளியில் வாயைத் திறக்காத பிள்ளை இல்லாத பள்ளியைப் பற்றி இத்தனை பேசுகிறதே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது அக்கா. அந்தப் பெருமைதான் இப்போது உறுத்துகிறது.

சேலத்து ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வந்த அன்றும், பஸ்ஸுக்காக அதைத்தான் போட்டிருந்தாள். பாதியாக இளைத்துக் கிடந்தீர்கள். அவள் கையைப் பிடித்து, “இன்னிக்கு என்ன படிச்சே சாமி?” என்று கேட்டீர்கள். அன்று காலைதான் மூன்று இலக்கக் கழித்தல் பத்தையும் முதன்முதலாகத் தப்பில்லாமல் போட்டிருந்தாள். உங்களிடம் காட்டவென்று நோட்டையும் என் பையில் எடுத்து வந்திருந்தோம். அவள் கண் இமைக்காமல் சொன்னாள்: “இன்னிக்கு மிஸ் வரல பெரிம்மா. கிளாஸ்ல வெளையாட உட்டுட்டாங்க.”

நான் சிரிக்கப் பார்த்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. அவள் தண்ணீர் பிடிக்க வெளியே போனதும், சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: “நாந் தெச்சது தப்பு கண்ணு. ஊரு வாய அடைக்கோணும்னு தெச்சேன், புள்ளைக்குப் பொய் பழக்கீட்டேன். அதப் பிரிச்சுப் போட்டுரு.” சரிங்க்கா என்றேன். அதற்குப் பிறகு நாம் பேசிக்கொள்ள நாள் வாய்க்கவில்லை.

நான் பிரிக்கவில்லை. பீரோவில் வைத்துவிட்டு, வெளியே போவதைக் குறைத்துக்கொண்டேன். பாடம் நடக்கிறது, நன்றாகவே படிக்கிறாள். ஆனால் வாசலில் யாராவது வண்டியை நிறுத்தினால் உள் அறைக்குப் போய்விடுகிறாள். பள்ளி வாசலில் உறைந்து நின்ற அதே பிள்ளை. எதிலிருந்து காப்பாற்ற அவளைக் கூட்டிவந்தேனோ, அதை நானே வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டேன். இதை உங்களிடம்தான் சொல்ல முடியும், நீங்களும் இல்லை.

மதியம் பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். “இது இல்லாமப் போலாஞ்சாமி. யாராச்சுங் கேட்டா, ஊட்டுல படிக்கறேன்னு சொல்லு” என்றேன்.

“வேண்டாம்மா,” என்றாள். “அப்புறம் எனக்கு என்ன குறைன்னு உன்னையக் கேப்பாங்க.”

எனக்காகத்தான் பொய் சொல்லியிருக்கிறாள் அக்கா. இத்தனை நாளும் எனக்காக.

பாவாடையின் மடிப்பைப் பிரித்தேன். வெயிலே படாத துணி உள்ளே புத்தம்புது மெரூனாக இருந்தது. நீங்கள் சொன்னபடி முழுதாகக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். கை வரவில்லை. ஒரு இஞ்ச் இறக்கித் தைத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, சரியாயிருக்கிறது என்று சொல்லிப் போனாள். இன்னும் ஒரு இஞ்ச் உள்ளே இருக்கிறது.

நாளைக்கு எடுத்துப்போகும் பையைத் துடைத்து வைத்தேன். உங்களிடம் காட்டாமல் விட்ட அந்த நோட்டு இன்னும் அதற்குள்தான் கிடக்கிறது. பத்துக் கணக்கு, ஒரு தப்பும் இல்லை. வெளியே எடுத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை.