பட்டியலில் இல்லாத கடை

லிஸ்பன், அல்ஃபாமா
7 அக்டோபர் 1984, ஞாயிறு

அன்பு மகன் பெல்மீருவுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்கு மன்னித்துக்கொள். சில வரிகள் மேட்டில் ஏறும், சில வரிகள் ஆற்றில் இறங்கும். உறையைப் பார்த்தபோதே இது இதலீனாவின் கையெழுத்து இல்லை என்று திகைத்திருப்பாய். இது என் கைதான். எழுபத்தொரு வயதில், துறைமுகத் தொழிற்சங்கத்தின் மாலை வகுப்பில் ஏழு மாதம் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். உனக்கு ஒருநாள் சந்தோஷமாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். கோபமாகச் சொல்லும்படி ஆகிவிட்டது. ஆனாலும் என் கோபத்தை நானே எழுதுவது எவ்வளவு சுகமாக இருக்கிறது தெரியுமா? இதுவரை நான் திட்டச் சொன்னதையெல்லாம் இதலீனா தண்ணீர் கலந்துதான் உனக்கு எழுதினாள். இது கலப்பில்லாதது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மதியம் வந்தது, வழக்கம்போல இதலீனாவின் சாப்பாட்டுக் கடை முகவரிக்கு. அவள் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நீ பாரிஸ் போன பன்னிரண்டு வருடமாக உன் கடிதங்களை எனக்குப் படித்துக்காட்ட அப்படித்தான் வருவாள். நான் கொடுக்கவில்லை. இன்று நானே படிக்கப்போகிறேன் என்று எழுந்து நின்றேன். மேசைகளில் கரண்டிச் சத்தம் நின்றது. என்னோடு கப்பலில் மூட்டை சுமந்த அபீலியு, "நம்ம பாதிரியார் பூசையே இதைவிட வேகமா முடிஞ்சிரும்டா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன். ஒரு சொல் வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அடுத்த சொல் கண்ணுக்குத் தெரியும். முன்னால் என்ன வருகிறது என்று எட்டிப் பார்க்க இன்னும் வரவில்லை. உன் முதலாளியும் அவர் மனைவியும் வருகிறார்கள் என்று படித்தேன். பாரிஸில் அவர் திறக்கப்போகும் போர்த்துகீசியச் சாப்பாட்டுக் கடைக்கு உன்னைப் பொறுப்பாளராக வைக்க நினைக்கிறார் என்று படித்தேன். கைதட்டினார்கள். இதலீனா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். அவர்கள் நன்றாகச் சாப்பிடவும் குடிக்கவும் நான் அழைத்துப் போகவேண்டிய ஐந்து இடங்களின் பெயர்களைப் படித்தேன். அதே மூச்சில் அடுத்த வரியையும் படித்தேன். "இதலீனா கடைக்கு மட்டும் வேண்டாம். அந்தத் தரையையும் அந்த வாடையையும் பார்த்தால் எனக்கு வேலை தரமாட்டார்." வாடை என்ற சொல் சரியாக வரவேண்டுமே என்று அதை இரண்டு முறை கூட்டிப் படித்தேன்.

இதலீனாதான் பேசினாள். "ஏன்யா நிறுத்திட்ட? கீழ இன்னும் ஒரு வரி இருக்கு பாரு, படி." கீழே நீ அவளை விசாரித்ததாக எழுதியிருந்தாய். அதையும் படித்தேன்.

எனக்குப் படிக்கத் தெரியும் என்று உனக்குத் தெரியாது. அப்படியானால் அந்த வரியை அவளே தன் வாயால் படிக்கட்டும் என்று தெரிந்து எழுதினாய். இல்லையென்றால், படிக்கிறவள் ஒரு மனுஷி என்பதே உன் நினைவில் இல்லை. இரண்டில் எது மோசம் என்று ஐந்து நாளாக யோசிக்கிறேன். உன் அம்மா போனபோது உனக்கு ஆறு வயது. நான் சரக்கு இறக்கிக்கொண்டிருந்த நேரமெல்லாம், பள்ளிவிட்டு வந்து நீ உட்கார்ந்திருந்தது அந்தத் தரையில்தான்.

உன் பட்டியலில் மூன்று கடைகளுக்குப் போய்வந்தேன். பெயர்ப்பலகைகளை நானே படித்துக் கண்டுபிடித்தேன். அதில் எனக்குப் பெருமைதான், மறைக்கமாட்டேன். முதல் கடையில் அக்டோபர் மாதத்தில் மத்தி சுடுகிறார்கள். கொழுப்பு வற்றிய மத்தியை எவன் தின்பான்? இரண்டாவதில் பரிமாறுகிறவன் என் காலணியைப் பார்த்துவிட்டுக் கழிப்பறைப் பக்கத்து மேசையைக் காட்டினான். சூப் ஆறிக் கிடந்தது. மூன்றாவது நல்ல கடை, நியாயமாகச் சொல்லவேண்டும். உப்பிட்ட பக்கல்யாவு மீனைச் சுட்டு வைத்தார்கள், இதழிதழாகப் பிரிந்தது. எண்ணெயும் நல்ல எண்ணெய். அங்கே ஒருநாள் அவர்களை அழைத்துப் போகிறேன். செர்ரி மது ஒரு கிளாஸ் ரோசியு சதுக்கத்துப் பக்கம் நின்றுகொண்டே குடிக்கவேண்டும், காபிக்கு இன்னொரு கடைக்கு நடக்கவேண்டும். அதை உன் பட்டியலில் நீ எழுதவே இல்லை. இந்த ஊரில் எப்படிச் சாப்பிடுவது என்பதே மறந்துபோயிற்றா?

வியாழக்கிழமை கொசீது நாள். இறைச்சியும் ரத்த சாசேஜும் முட்டைக்கோசும் டர்னிப்பும் ஒரே பானையில் வெந்து இறங்குகிற அந்தச் சாப்பாட்டை இதலீனாவைப் போல இந்த ஊரில் யாரும் சமைப்பதில்லை. உன் முதலாளி வருவது இருபத்தைந்தாம் தேதி, வியாழன். அவரை அங்கே அழைத்துவரட்டுமா என்று நேற்று அவளைக் கேட்டேன். பானையை விட்டுத் திரும்பவில்லை. "வேண்டாம்யா. பையன் பொழப்பு கெட்டுறப் போகுது" என்றாள். கிண்டலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மனதாரத்தான் சொன்னாள். அப்புறம் மண்டியிட்டுத் தரையைத் தேய்க்க ஆரம்பித்தாள். செவ்வாய் முதல் தினமும் தேய்க்கிறாள். முட்டி வீங்கியிருக்கிறது. அபீலியு கூட இப்போது வாசலில் காலைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வருகிறான்.

என்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதாதே. அவளுக்கு எழுது. உறையில் அவள் பெயரைப் போடு. ஒரு கடிதத்தையாவது அவள் யாருக்கும் படித்துக்காட்டாமல் தனக்கென்று படிக்கட்டும். முதலாளியை அழைத்துவரலாமா என்று நீயே அவளிடம் கேள். கேட்காவிட்டால் உன் பட்டியல்படியே நடக்கிறேன், வாயைத் திறக்கமாட்டேன், உன் வேலை கெடாது. அவர்கள் ஐந்து இடத்திலும் சாப்பிடட்டும், நான் பக்கத்தில் பட்டினியாக உட்கார்ந்திருப்பேன்.

நீ நன்றாக இருக்கவேண்டும், மகனே. அந்தப் பாரிஸ் கடையும் உன் கைக்கு வரவேண்டும். குளிர் வந்துவிட்டது, சூடாகச் சாப்பிடு. அடுத்த வாரமும் எழுதுவேன். அவளுக்கு உன் கடிதம் வந்துசேர்ந்திருந்தால் மழையைப் பற்றி எழுதுவேன். வராவிட்டால் இதையே முதலிலிருந்து மறுபடி எழுதுவேன்.

உன் அப்பா
செஃபெரீனோ