மூன்றரை மீட்டர் திரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மா சுகம், முழங்கால் வலி மட்டும் அவளோடு குடித்தனம் நடத்துகிறது. நானும் சுகம் என்று எழுதினால் அது பொய், உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

எனக்குக் கணக்கு போய்விட்டதம்மா. பெரிய கணக்கு இல்லை, நம் திரைத்துணிக் கடைக் கணக்குதான். வெட்டுமேசையில் கால் மீட்டர் கட்டையை வைத்துத்தான் நான் அளப்பேன், உனக்குத் தெரியும். இரண்டேமுக்கால் மீட்டர் என்று அம்மா கடை முன்பக்கத்திலிருந்து குரல் கொடுத்தால், இரண்டை நாலால் பெருக்கி மூன்றைக் கூட்டி, பதினொரு கட்டை என்று கை தானாக அளந்துவிடும். கலப்பு பின்னத்தைத் தகா பின்னமாக மாற்றுவது என்று நீ பள்ளியில் படித்தாயே, அதேதான், இதில் தகாதது என்னத்தைக் கண்டார்களோ. இப்போது பெருக்குவது வருகிறது, கூட்டுவது நழுவிவிடுகிறது. எட்டுக் கட்டையோடு கத்தரி நின்றுவிடுகிறது. அப்படிக் குறைத்து வெட்டிய துணி ஒரு மூட்டை சேர்ந்துவிட்டது, அம்மா அதையெல்லாம் தலையணை உறையாகத் தைத்து யார் தலையிலாவது கட்டிவிடுகிறாள். டாக்டர் மூளையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, போனது திரும்பாது, இருப்பதையாவது பார்த்துக்கொள்ளலாம் என்றார். அன்றிலிருந்து எதிலும் பிடிப்பில்லை. பல் துலக்கும்போதே எனக்கு நானே ஒரு கணக்குக் கொடுத்துப் பார்க்கிறேன், அதில் தோற்றுவிட்டுத்தான் கடைக்குப் போகிறேன்.

கொஞ்ச நாளாக அம்மா மீட்டர் என்ற பேச்சையே எடுப்பதில்லை. அங்கேயே மாற்றிக்கொண்டு பதினொரு கட்டை, ஒன்பது கட்டை என்று கூப்பிடுகிறாள். நான் கவனிக்கவில்லை என்று நினைக்கிறாள், நானும் கவனிக்காத மாதிரியே இருக்கிறேன். போன வாரம் ஒரு பள்ளிக்கூட அரங்கத்துக்கு மேடைத்திரைகள், ஒவ்வொன்றும் மூன்றரை மீட்டர் உயரம். பதிமூன்று கட்டை என்றாள். மூன்றை நாலால் பெருக்கிப் பன்னிரண்டு, அரையில் மேலே இருக்கும் ஒன்றைக் கூட்டிப் பதிமூன்று. அரை என்றால் இரண்டு கட்டை ஆயிற்றே, பாவம் அது அவளுக்குத் தோன்றவில்லை. மூன்றரை என்று எழுதிய சீட்டு என் கண் முன்னால்தான் கிடந்தது, எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை, அத்தனையையும் வெட்டித் தள்ளிவிட்டேன். தையல்காரர் பிறகு தாளில் போட்டுக் காட்டியதைப் பார்த்துத்தான் இதைக்கூட உனக்கு எழுதுகிறேன். மாட்டிப் பார்த்தால் திரை கால் மீட்டர் தூக்கி நிற்கிறது, மேடையில் நிற்பவர்களின் செருப்பெல்லாம் வெளியே தெரிகிறது. தலைமையாசிரியர் கடைக்கே வந்து கத்தினார். என் தப்புதான் சார் என்றேன். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், நான் விடவில்லை. என் பேர்தான் ஏற்கெனவே கெட்டுக் கிடக்கிறதே.

அன்று அவள் சாப்பிடவில்லை. இப்போது அளவு கூப்பிடுவதற்கு முன்னால் வாய்க்குள் முணுமுணுக்கிறாள், விரலை மடக்குகிறாள். என்னைத் தாங்கப் போய் அவளும் சரிகிறாள் பாப்பா, அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. எங்கேயாவது கண்காணாமல் போய்விடலாமா என்றுகூட இருக்கிறது. நீ ஒன்று செய். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது இந்தப் பெருக்கிக் கூட்டுவதை அம்மாவுக்குச் சொல்லிக்கொடு. அரை வந்தால் முதலில் அதை இரண்டு கால் ஆக்கிக்கொள்ளச் சொல். நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே, குழந்தைக்குப் பாடம் நடக்கிறது, அதில் ஞாபகம் வந்தது என்று ஏதாவது சொல்லிச் சமாளி.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். அங்கே குளிர் என்றாயே, குழந்தைக்குக் காதை மூடிவிடு. ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே. அம்மாவிடம் போனை ஸ்பீக்கரில் போடச் சொல், நானும் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருப்பேன். கொஞ்சம் மெதுவாகச் சொல்லிக்கொடு.

இப்படிக்கு,
உன் அப்பா