பையில் வந்த மணி

என்னவருக்கு,

நம்பமாட்டீர்கள், நான் ஏரியில் மிதிபடகு ஓட்டினேன்! ஏழு மாதத்துக்குப் பிறகு மூன்று மணி நேரம் எனக்கே எனக்கு. "நான் பாத்துக்கறேன், கிளம்புங்கக்கா" என்று நர்ஸ் என்னை வெளியே தள்ளும்போதுகூட, உங்கள் வலி மாத்திரை நேரத்தைத்தான் ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

நடு ஏரியில், மிதித்த குலுக்கலில் கைப்பைக்குள் மணிச் சத்தம். படுக்கையிலிருந்து என்னைக் கூப்பிட நீங்கள் அடிக்கும் அதே மணி! "இதோ வந்துட்டேங்க!" என்று எழுந்தேன் பாருங்கள், படகே ஆடிப்போனது. பக்கத்துப் படகில் ஒரே சிரிப்பு.

மறதியில் எடுத்து வந்துவிட்டேனே, இனி எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று பதறிப்போய் நர்ஸுக்குப் போன் செய்தேன்.

"நீங்க எடுக்கலக்கா. அவர்தான் உங்க பையில போடச் சொன்னாரு. மணி பக்கத்துல இருந்தா அடிச்சு உங்களத் திரும்ப வரவெச்சிருவேன்னாரு."

சரியான திருடர் நீங்கள்! இன்னொரு சுற்றும் போய்விட்டு, கரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேரில் சொன்னால் அழுதுவிடுவேன்.

இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுத்துவிட்டு, வாசலில் நின்று மணியை நான் அடிப்பேன். "இதோ வந்துட்டேன்" என்று நீங்கள் சொல்ல வேண்டும். எவ்வளவு மெல்லச் சொன்னாலும் எனக்குக் கேட்கும்.

உங்கள்
படகுக்காரி