அம்மாவுக்கு வழியோர சீட்

ஜூன் 5, 2005. ஞாயிறு

விடாத மழை. குடை வாங்கத் தெரணியகலை பஜாருக்கு. கடைக்குள் கிளாக்கரம்மா, எங்கள் தோட்டத்துப் பழைய பெரிய கிளாக்கரின் மனைவி. பார்த்துப் பதினைந்து வருடமிருக்கும். தலை நரைத்துவிட்டது, அதிகாரம் குறையவில்லை.

"தம்பி, நீங்க கல்லு யாவாரத்துக்கு மாசாமாசம் பிளேன்ல போறீங்களாமே. அடுத்த மாசம் மூணாந்தேதி நாங்களும் சிங்கப்பூர் போறோம், மக வீட்டுக்கு. காலைல பிளேன். கால் நீட்ட எடமிருக்குமா?"

"சமாளிக்கலாங்கம்மா" என்றேன். அப்போதெல்லாம் 'டேய்'. இப்போது தம்பி, நீங்க.

வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. எனக்கு அன்றைக்கு எட்டு வயது. அம்மா நிறைமாதத்தோடு ரப்பர் வெட்டினாள். வேலைக்குப் போன நாளிலேயே கிளாக்கர் பெயரை வெட்டி, அன்றைய கூலியை இல்லாமல் செய்துவிட்டார். ஏன் என்று கேட்கப்போய், அவர் வீட்டுக் கொல்லையில், மழையில் நின்றோம். கால் வீங்கிப் படியில் உட்காரப் போனாள். இந்தக் கிளாக்கரம்மாதான்: "எந்திரி காமாட்சி. இது என்ன ஒக்கார்ற எடமா?"

கிளாக்கர் சாப்பிட்டு, தூங்கி எழும்பும்வரை அம்மா நின்றாள். மறக்கமாட்டேன்.

ஜூன் 7, செவ்வாய்

இரத்தினபுரி. முதலாளியின் கடையிலிருந்து விமானக் கம்பெனிக்குப் போன். அவருடைய இரத்தினக் கல்லை விற்க பேங்காக் போய்வந்த மைலெல்லாம் என் பேரில் சேர்ந்து கிடக்கிறது; அதற்கு இலவச டிக்கெட் கொடுப்பார்கள். டிக்கெட்தான் அவர் காசு, மைல் என்னுடையது.

சிங்கப்பூர், ஜூலை 3 காலை, பிசினஸ் கிளாஸ், மூன்று பேர். மைலுக்குக் கொடுக்கிற சீட் அந்த விமானத்தில் இரண்டுதானாம். பத்தாம் தேதி என்றால் மூன்றும் உண்டாம். மூன்றாம் தேதிதான் வேண்டும் என்றேன். வெயிட்டிங் லிஸ்ட்.

வீட்டில் என் மனைவி செல்வி சமையலை விட்டுவிட்டுச் சண்டைக்கு வந்தாள். "சாதா சீட்டுல போனா இதே மைலுக்கு எங்கம்மாவயும் கூட்டிட்டுப் போவலாம். அந்தப் பொம்பளைக்காகவாங்க இம்புட்டும்?"

ஆமாம், அவளுக்காகத்தான். பிசினஸ் கிளாஸ்காரர்களை முதலில் ஏற்றி, உட்காரவைத்து, ஜூஸ் கொடுப்பார்கள். பின்சீட்டு ஆட்கள் அவர்களைக் கடந்துதான் போகவேண்டும். அம்மா சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். கிளாக்கரம்மா பையைத் தூக்கிக்கொண்டு, முன்னால் வரிசை நகரும்வரை, அம்மா பக்கத்தில் நிற்பாள். எனக்கு அது போதும்.

ஜூன் 19, ஞாயிறு

நேற்று மூன்றாவது சீட்டும் கிடைத்தது. சந்தோஷத்தில் ஆட்டிறைச்சி வாங்கினேன்.

அம்மாவிடம் சொன்னேன், கிளாக்கரம்மா விஷயத்தைத் தவிர. "சன்னலோரம் குடுப்பாங்களாடா? மேகமெல்லாம் கீழ தெரியுமாமே."

ஆட்கள் நடக்கிற வழியோரம்தான் கேட்டு வாங்கியிருக்கிறேன். சன்னலோரம் இருந்தால் கிளாக்கரம்மா கண்ணில் எப்படிப் படும்? "அதெல்லாம் அவங்க குடுக்கிறதும்மா" என்று பொய்.

ஜூலை 2, சனி

அம்மாவுக்கு: செருப்பு, ஸ்வெட்டர், தைல போத்தல். வெற்றிலை கூடாது, சொல்லியாயிற்று. வேன்காரனுக்கும் சொல்லியாயிற்று.

பட்டுச்சேலை வேண்டாமாம். "யாரு பாக்கப் போறாங்க?" பெட்டியிலிருந்து நானே எடுத்து வைத்தேன். இன்னும் மழை.

ஜூலை 3. விமானத்தில்

எல்லாம் நினைத்தபடி. அம்மா வழியோரம், நான் சன்னலோரம், செல்வி பின்னால். அம்மா கையில் ஆரஞ்சு ஜூஸ். பெல்ட்டை நானே மாட்டிவிட்டேன், அவளுக்குத் தெரியாது என்று.

பின்சீட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கிளாக்கர். அவருக்குப் பின்னால் அவள், இரண்டு கையிலும் பை. எங்களைப் பார்த்துவிட்டாள். திறந்த வாய் மூடவில்லை. என் வயிறு குளிர்ந்தது.

அம்மாவும் பார்த்தாள். பெல்ட்டை எப்படிக் கழற்றினாளோ. ஜூஸ் பட்டுச்சேலையில் கொட்ட, எழும்பி நின்றுவிட்டாள்.

"சலாமுங்கம்மா."

"ஒக்காருங்கம்மா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு அம்மா கையைப் பிடித்து இழுத்தேன். பின்னாலிருந்து செல்வியும் சொன்னாள். அசையவில்லை. வரிசையும் நகரவில்லை. அம்மா நின்றுகொண்டே இருந்தாள்.

"ஒக்காரு காமாட்சி" என்றாள் கிளாக்கரம்மா.

அம்மா உட்கார்ந்தாள்.