காருக்கு அடியில் உழுந்துக்கொடி

இஞ்சாருங்கோ,

இன்று பின்னேரம் எங்கள் படலைக்கு முன்னால் ஒரு கார் வந்து நின்றது. நிலம் அளக்க வந்திருக்கும் புதுச் சேவையர், ஊருக்குத் திரும்பிப்போன வெள்ளைக்காரர் ஒருவரின் பழைய காரைக் கொழும்பில் வாங்கியிருக்கிறார். இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, கூரை இல்லாத, நிலத்தோடு ஒட்டிக்கிடக்கும், உங்களுடைய அதே சாதிக் கார். ரேடியேற்றருக்குத் தண்ணீர் கேட்டு இறங்கினார். வாளியோடு கிட்டப் போனபோது அந்த மணம் வந்தது. காய்ந்த உழுந்துக்கொடி கருகுகிற மணம். உங்களைக் கொண்டுபோன மணம். பாதித் தண்ணீரை என் காலிலேயே ஊற்றிவிட்டேன்.

"தம்பி, எஞ்சினை நிப்பாட்டுங்கோ. முதல்ல கீழ படுத்துப் பாருங்கோ" என்றேன்.

அவர் சிரித்தார். "கராச்சில மெக்கானிக் எல்லாம் பாத்துத்தான் அக்கா எடுத்தனான்."

"கராச்சில உழுந்து காயப்போடுறேல்லைத் தம்பி."

என் முகத்தில் எதைக் கண்டாரோ, மறுபேச்சில்லாமல் படுத்தார். புகைக்குழாயைச் சுற்றி ஒரு கடகப்பெட்டி நிறையக் கொடி அடைந்துபோய்க் கிடந்தது. நடுவில் கருகத் தொடங்கியிருந்தது. தடியால் இழுத்து எடுத்துத் தண்ணீர் தெளித்தோம். சட்டையெல்லாம் மண்ணோடு எழும்பி, "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார். மோர் குடிக்கிறீங்களோ என்று கதையை மாற்றிவிட்டேன். அவர் போன பிறகு வேலை ஒன்றும் ஓடவில்லை. அதுதான் உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் பிள்ளை மாட்டு வண்டிலில் செத்துப் பிறந்ததை நீங்களும் நானும் ஒருநாளும் வாய்விட்டுக் கதைத்ததில்லை. வன்னியில், விசுவமடுவில் காணி எடுத்து வந்த அடுத்த மாரி அது. முல்லைத்தீவு ஆசுப்பத்திரிக்குப் போகிற வழியில் சில்லு சேற்றில் புதைந்துவிட்டது. நீங்கள் தோளைக் கொடுத்துத் தள்ளித் தள்ளிப் பார்த்தீர்கள். பாதி வழிக்குக்கூட நாங்கள் போய்ச் சேரவில்லை. பிள்ளை பெற்ற துடக்குத் தீட்டுக் கழிந்ததும் அப்பா வந்து என்னை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது படலையடியில் வைத்து நான் உங்களுக்குச் சொன்னது இதுதான்: "ஆசுப்பத்திரிக்கு ஓட ஒரு வாகனம் இல்லாத ஊருக்கு நான் இனி வரமாட்டன்." கோபத்தில் சொன்னேன் என்று ஊர் கதைத்தது. பயத்தில் சொன்னேன். இரண்டுக்கும் எனக்கு ஒரே குரல்தான், என்ன செய்ய.

ஒரு மாதிரியாக நீங்கள் வாகனத்தோடு வந்தீர்கள். வாகனம் உங்களைக் கொண்டுவரவில்லை, நீங்கள்தான் அதை ஒரு லொறியில் ஏற்றிக் கொண்டுவந்தீர்கள். இரண்டு பேர் மட்டும் இருக்கிற காரைப் பிள்ளைகுட்டிக்காரன் எவனும் வாங்கமாட்டான் என்பதால் அது உங்கள் கைக்கு எட்டிய விலையில் கிடைத்தது. சிவப்பு நிறம் வெளிறிப்போன, கம்பிச் சில்லுகள் வைத்த, பல வருடம் எங்கோ ஒரு கொட்டிலில் சும்மா கிடந்த கார். அப்பா சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இதுக்குள்ள இருக்கிறதோ, இதைப் போட்டுக்கொள்ளுறதோ மருமோன்?" என்று கேட்டார். நீங்கள் சிரித்தீர்கள். நான் குசினிக்குள் நின்று தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். வெளியே வரவில்லை.

அந்த மாதம் முழுவதும் சனி ஞாயிறுகளில் வந்து அப்பா வீட்டு முற்றத்தில் அதோடு கிடந்தீர்கள். கார் வாங்கியவன் முதலில் ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பான் என்று நினைத்திருந்தேன். நீங்கள் சாவியைத் தொடவே இல்லை. பிளக்குகளைக் கழற்றி, துவாரங்களுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஊறவைத்து, கையால் சுற்றினீர்கள். பழைய எஞ்சின் எண்ணெயை இறக்கி விரலுக்கிடையில் தேய்த்து, உலோகப்பொடி மினுங்குகிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்த்தீர்கள். பெற்றோல் தாங்கியில் இருந்தது வெறும் துருக்குழம்பு. அதைக் கழுவி, அப்பாவின் பழைய வேட்டித்துண்டில் வடித்தீர்கள். பெற்றோல் போகும் றப்பர்க்குழாய் ஒடியல் பனங்கிழங்கு மாதிரிக் காய்ந்து முறிந்தது. புதுசு வாங்கிப் பூட்டினீர்கள். வயர்களை எலி கடித்திருந்த இடமெல்லாம் சுற்றிக் கட்டினீர்கள். சில்லுக் கம்பிகளை ஒரு ஸ்பானரால் ஒவ்வொன்றாகத் தட்டி, மொட்டைச் சத்தம் போட்டதை மட்டும் இறுக்கினீர்கள். டயர் புதுசு போலத்தான் இருந்தது, ஓடினால்தானே தேய? ஆனால் பக்கச்சுவரைப் பெருவிரலால் அமத்தியபோது தோல் வெடித்த மாதிரிப் பிளவுகள். அவற்றையும் மாற்றினீர்கள்.

யாராவது "எப்ப ஓடப்போறியள்?" என்று கேட்டால், "ஓட முதல் நிக்குமோ எண்டு பாக்கவேணும்" என்பீர்கள். பார்க்க வந்த எல்லாரிடமும் இதையே சொன்னீர்கள். அந்தக் கதை குசினி யன்னலுக்கும் கேட்கும் என்பது உங்களுக்குத் தெரியாதா?

பிரேக்கிலிருந்து காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கீழே கிடந்து ஆணியைத் திறக்க, மற்றவர் மேலே இருந்து மிதிக்க வேண்டும். அன்றைக்கு வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. காருக்கு அடியிலிருந்து கூப்பிட்டீர்கள்: "ஒருக்கா வந்து இதை மிதியுமன்." தேங்காய்ப்பால் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு வந்து ஏறினேன். "மிதியும். பிடிச்சுக்கொண்டிரும். இப்ப விடும்." போத்தலுக்குள் குமிழி வருவதைச் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். நாலு சில்லுக்கும் அதே கதை. கடைசியில் மிதி கல்லைப் போல நின்றது. மாதக்கணக்கில் நான் உங்களோடு பேசியிருக்கவில்லை. "இனி நிக்கும்" என்றேன். நீங்கள் கீழே கிடந்து ஆணியை இறுக்கினீர்கள். வெகுநேரம் வெளியே வரவில்லை. பிறகு வந்தபோது கண் சிவந்திருந்தது. பிரேக் எண்ணெய் பட்டுவிட்டது என்றீர்கள். நம்பினது போல இருந்துவிட்டேன்.

மாசியில் அந்தக் காரில் விசுவமடுவுக்குப் புறப்பட்டோம். ஆனையிறவு, பரந்தன். பரந்தனில் நிறுத்தி, சூடான எஞ்சினில் எல்லா நட்டையும் திரும்ப ஒருமுறை இறுக்கினீர்கள். எனக்குச் சலிப்பாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது. முல்லைத்தீவு றோட்டில் திரும்பியதும் தாரில் உழுந்துக்கொடியைக் காயப் பரப்பியிருந்தார்கள். உங்களுக்குத்தான் தெரியுமே, பஸ்ஸும் லொறியும் ஏறிப்போனால் நெற்று உடைந்துவிடும், மாடு கட்டத் தேவையில்லை. நீங்கள் மெதுவாக்கினீர்கள். கரையில் நின்ற ஒரு ஆச்சி கை காட்டினா: "தம்பி, பஸ்சையும் இண்டைக்குக் காணேல்லை. ஒருக்காத் திருப்பி ஓடிப்போட்டுப் போங்கோவன்!"

ஒருக்கா அல்ல, பல தரம் ஓடினீர்கள். முன்னுக்கும் பின்னுக்கும், கரையிலிருந்து கரைக்கு. மாட்டுக்குப் பதில் சிவப்புக் கார் சூடு மிதிக்கிறது என்று ஆட்கள் கூடிவிட்டார்கள். "மாடு நல்ல மாடு, சாணி மட்டும் போடாது" என்று ஒருவர் சொல்ல, நான் வாய்விட்டுச் சிரித்தேன். பிள்ளை போன பிறகு முதல்தரம். நீங்கள் றோட்டைப் பார்க்காமல் என்னைப் பார்த்தீர்கள். ஆச்சி இரண்டு கையாலும் எங்களுக்கு மோர் தந்தா.

பஸ் உயரம், லொறி உயரம். இந்தப் பக்கத்தில் காருக்கு அடியில் கொடி அடையும் என்று எவருக்குத் தெரியும்? கொஞ்சத் தூரம் போனதும் கருகல் மணம் வந்தபோது நீங்கள் தலையைத் திருப்பி, "வயலில ஆரோ வைக்கோல் எரிக்கினம்" என்றீர்கள். நானும் வயலைத்தான் பார்த்தேன். அந்த மாதத்தில் வன்னியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு புகை இருக்கும்.

காலடித் தகடு சுட்டபோதுதான் புரிந்தது. பிரேக் பிடித்தது. நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த எல்லாமே கடைசி வரை நன்றாக வேலை செய்தன. "இறங்கும்! ஓடும்!" என்று என்னைத் தள்ளிவிட்டீர்கள். நான் ஓடி மரத்தடிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால், நீங்கள் மண்ணை அள்ளி அடியில் எறிந்துகொண்டிருக்கிறீர்கள். பிறகு படுத்து, கையை விட்டு எரிகிற கொடியை இழுக்கத் தொடங்கினீர்கள்.

"விட்டிட்டு வாங்கோ! கார் போனாப் போகட்டும்!" என்று கத்தினேன்.

நீங்கள் சொன்ன மறுமொழி இன்னும் என் காதில் கிடக்கிறது. "இது போனா நீரும் போயிடுவீர்."

அடுத்த கணம் அந்தப் புதுப் பெற்றோல் குழாய் உருகிவிட்டது.

உழுந்து பரப்பியிருந்த ஆட்களே ஓடிவந்து உங்களை இழுத்து எடுத்தார்கள். ஆச்சியின் சாக்கில் சுற்றி ஒரு நெல் லொறியில் ஏற்றினோம். ஆசுப்பத்திரிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்துவிட்டோம், இந்த முறை. அதனால் பலன் ஒன்றும் இல்லை. அன்று மாலை மட்டும் உங்களுக்குப் பேச்சு இருந்தது. "வேற கார் ஒண்டு பாப்பம். அதுவரைக்கும் நீர் யாழ்ப்பாணத்திலயே நில்லும்" என்றீர்கள். நான் வாயைத் திறக்க முன்னம் ஊசி உங்களை நித்திரையாக்கிவிட்டது. அதற்குப் பிறகு நீங்கள் என்னை அடையாளம் கண்டதாகத் தெரியவில்லை.

செத்த வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். புது வாகனத்தை முதலில் வற்றாப்பளைக் கோயிலுக்குக் கொண்டுபோய் அம்மனுக்குக் காட்டியிருக்க வேண்டுமாம். அங்கே வைகாசிப் பொங்கலுக்குக் கூட்டிப்போவதாக நீங்கள் எனக்குச் சொன்னது அவர்களுக்குத் தெரியாது. உங்களைப் போன்ற ஒருவரை எரித்துத்தான் அம்மன் தன் பொங்கலைக் கேட்பாவா? அப்படிச் சொன்னவர்களின் வீட்டில் நான் இன்றுவரை கை நனைக்கவில்லை.

எட்டாம் நாள் கிரியை, எட்டுச் செலவு, முடிந்ததும் அப்பா என்னைக் கூட்டிப்போக வாடகைக் கார் ஒன்றோடு வந்தார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "வா பிள்ளை, இனி இஞ்ச என்ன கிடக்கு?" என்றார். அழுதார் பாவம். கார் நெடுநேரம் நின்றது. பிறகு அவர் தனியே ஏறிப் போனார்.

அதிலிருந்து உங்கள் காணியை நான்தான் செய்கிறேன். மாசி வந்தால் றோட்டில் நின்று தாழ்வான வாகனம் எதைக் கண்டாலும் மறித்து, கீழே படுத்துப் பார்க்கச் சொல்கிறேன். ஊரில் எனக்குப் பட்டப்பெயர்கூட இருக்கிறது, கார்க்காரி என்று. எனக்குக் காய்ச்சல் வந்து மாட்டு வண்டிலில் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோயும் இருக்கிறார்கள். பயம் இன்னும் போகவில்லை. அந்தச் சேற்று இடம் வரும்போது கண்ணை மூடிக்கொள்வேன்.

ஆனால் நீங்கள் எதற்குப் பயந்து நெருப்புக்குள் கையை விட்டீர்களோ, அது மட்டும் நடக்கவில்லை. நான் போகவில்லை.